பழைய எழுதுமேசையா, அலமாரியா, இரண்டும் சேர்ந்ததா: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

எழுத ஒரு மேசை வேண்டும், காகிதங்களைப் பூட்டி வைக்க இடமும் வேண்டும், பழைய மரமாக இருந்தால் இன்னும் நல்லது. எதை வாங்கலாம்? இந்தக் கேள்வி வாசகர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வருகிறது. கேட்பவர்களில் பலர் சாய்வு மூடி மேசை ஒன்றின் படத்தைப் பார்த்து மயங்கியவர்கள். மூடியைத் திறந்தால் அதுவே எழுதும் பலகை. உள்ளே குட்டிக் குட்டி அறைகள். கீழே மூன்று நான்கு டிராயர். சிலவற்றில் மேலே ஒரு கண்ணாடி அலமாரி. செக்ரட்டரி மேசை என்று விற்கப்படுவது இதுதான். அழகு என்று பார்த்தால் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் வாங்க நினைப்பவர்களில் பாதிப் பேருக்கு அது சரிப்பட்டு வராது என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

முதலில் வேலை. கையால் எழுதுவீர்களா, லேப்டாப்பில் வேலையா, அல்லது பத்திரமும் ரசீதும் பள்ளிச் சான்றிதழும் வைத்தால் போதுமா? தினம் கால்மணி நேரம் உட்காரும் மேசை வேறு, எட்டு மணி நேரம் உட்காரும் மேசை வேறு. எழுதும் பரப்பு தரையிலிருந்து 29, 30 அங்குல உயரத்தில் இருந்தால் சாதாரண நாற்காலிக்குப் பொருந்தும். டைப் அடிக்க அதைவிட ஓரிரண்டு அங்குலம் தாழ்ந்திருப்பது தோளுக்கு நல்லது.

அடுத்தது முழங்கால். கடையில் எல்லாரும் நின்றபடியே மேசையைப் பார்க்கிறார்கள். ஒரு நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்து பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

மூன்றாவது, சாமான் உள்ளே வரும் வழி. வாசல் மூன்று அடி இருந்தாலும் அறைக்கதவு பல அடுக்குமாடிகளில் இரண்டரை அடிதான். படிக்கட்டின் திருப்பத்தையும் லிஃப்டின் உள் அளவையும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டு போங்கள். சாமானின் அகலம், ஆழம், உயரம் மூன்றில் மிகச் சிறியது கதவு அகலத்துக்குள் அடங்க வேண்டும். அடங்கினாலும் திருப்பத்தில் மாட்டாது என்று சொல்ல முடியாது.

கடைசியாக மொத்தச் செலவு. கடைக்காரர் சொல்லும் விலையோடு ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, குட்டி யானை எனப்படும் சின்னச் சரக்கு வண்டியின் வாடகை, ஆசாரி கூலி, பாலிஷ், பூட்டுக்குச் சாவி, உடைந்த கண்ணாடி எல்லாவற்றையும் கூட்டுங்கள். விலையில் கால் பங்கையாவது இதற்கென்று ஒதுக்கிவிட்டுப் பேரம் பேசுவது புத்திசாலித்தனம்.

## சாய்வு மூடி எழுதுமேசை

இதன் பலம் மூடுவதில் இருக்கிறது. எழுதிக்கொண்டிருந்த தாள், பேனா, மூக்குக்கண்ணாடி எல்லாம் கிடந்தபடி கிடக்க, மூடியைத் தூக்கிச் சாத்தினால் அறை சுத்தம். திடீரென்று ஆள் வந்தாலும் கவலையில்லை. மூன்று அடி அகலமும் இருபது அங்குல ஆழமும் இருந்தால் போதும், கூடத்தின் ஓரமாக நின்றுகொள்ளும். உள்ளே ரகசிய அறையும் இருக்கலாம்: அலங்காரத் தூண் போலத் தெரியும் பலகையை இழுத்தால், நெட்டுக்குத்தாக ஒரு பத்திரப் பெட்டி வெளியே வரும். பேரம் முடிகிற நேரமாகப் பார்த்துக் கடைக்காரர் அதைத் திறந்து காட்டுவார். அந்த இடத்தில் மனத்தைக் கல்லாக்கிக்கொள்ளுங்கள்.

பலவீனம் முழங்காலில். கீழே முழுக்க டிராயர் என்பதால் காலை நீட்ட இடமில்லை. வெளியே நீண்டிருக்கும் மூடியின் அடியில் மட்டும் ஓர் அடி சொச்சம் கிடைக்கும். நாலு கடிதம் எழுத அது போதும், நாள் முழுக்க உட்கார முடியாது. லேப்டாப் வைத்தால் மணிக்கட்டு மூடியின் விளிம்பில் அழுந்தும். ஒயருக்காகப் பின்பலகையில் துளை போடச் சொல்லும் ஆசாரிகள் உண்டு. போட்டால் மேசையின் மறுவிற்பனை மதிப்பில் ஒரு பகுதி அந்தத் துளை வழியே போய்விடும்.

வாங்கும்போது பார்க்க வேண்டிய முக்கியமான இடம் கீல். மூடியைத் திறக்கும்போது இரண்டு பக்கமும் உள்ள தாங்குகட்டைகளை வெளியே இழுத்துவிட வேண்டும். மூடி அவற்றின் மேல்தான் படுக்க வேண்டும். நூறு வருஷத்தில் யாராவது ஒருவர் கட்டையை இழுக்காமல் மூடியில் கையூன்றியிருப்பார். கீலின் திருகாணி மரத்தைப் பிய்த்துக்கொண்டு வந்திருக்கும். கீலைச் சுற்றி வேறு நிறத்தில் ஒட்டுப்பலகை தெரிகிறதா என்று பாருங்கள். நன்றாக ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம், விலையைக் குறைக்கலாம்.

மேலே கண்ணாடி அலமாரியோடு இருப்பவற்றில் இன்னொரு சிக்கல்: மேல்பாதி ஒரு வீட்டிலிருந்தும் கீழ்ப்பாதி வேறொரு வீட்டிலிருந்தும் வந்து கடையில் ஒன்று சேர்ந்திருக்கலாம். இரண்டின் பின்பலகையையும் பாருங்கள். மரம், பலகையின் அகலம், ரம்பத் தடம் ஒத்துப்போக வேண்டும். ஜோடி சேர்த்தது தவறு என்றில்லை. ஜோடி என்று தெரிந்து, அதற்கேற்ற விலைக்கு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

படிக்கட்டு குறுகலான வீடு என்றால் இதன் உறவுக்காரன் ஒன்றைத் தேடலாம். பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் முகாமுக்கு முகாம் தூக்கிச் சென்ற பித்தளை மூலை வைத்த டிராயர் பெட்டி அது. இரண்டு பாகமாகப் பிரியும், கைப்பிடிகள் உள்ளடங்கியிருக்கும். சிலவற்றில் மேல் டிராயரின் முகப்பு கீழே மடங்கி எழுதுபலகையாகும். தூக்குவதற்கென்றே செய்தது என்பதால் மூன்றாவது மாடிக்கும் சிரமமில்லாமல் ஏறும்.

## ரோல்-டாப் மேசை

சுருள் ஷட்டர் போல மரப்பட்டைகள் வளைந்து இறங்கி மூடும் மேசை. அமெரிக்காவில் ஆப்னர் கட்லர் 1882இல் காப்புரிமை பெற்ற வடிவம். பிறகு சில பத்தாண்டுகள் அலுவலகம் என்றாலே இதுதான் என்ற நிலை. நம் பக்கம் குறைவாகவே வருகிறது.

வேலை செய்யச் சாய்வு மூடியைவிட இது எவ்வளவோ மேல். நடுவில் காலுக்கு நல்ல இடம், இரண்டு பக்கமும் டிராயர் அடுக்கு, லேப்டாப்பைத் திறந்து வைக்கத் தாராளமான பரப்பு. பார்த்தால் மலைபோல் இருந்தாலும் பெரும்பாலானவை மேல்பாகம், மேசைப்பலகை, இரண்டு கால் அடுக்கு என்று கழற்றக்கூடியவை. கழற்றத் தெரிந்த ஆளோடு போனால் வாசல் பிரச்சினை இல்லை. ஆனால் உள்ளே வந்தபின் நான்கைந்து அடி அகலத்தையும் இரண்டரை அடி ஆழத்தையும் பிடித்துக்கொள்ளும். சின்ன அறைக்கு ஆகாது.

மறைந்த செலவு அந்தச் சுருளில். பட்டைகள் எல்லாம் பின்புறம் ஒரு கித்தான் துணியில் ஒட்டப்பட்டிருக்கின்றன. துணி இற்றுப்போனால், அல்லது கடலோர ஈரத்தில் வச்சிரம் விட்டுப்போனால், ஒவ்வொரு பட்டையாகக் கழற்றிப் புதுத் துணியில் ஒட்ட வேண்டும். இந்த வேலை தெரிந்த ஆசாரி கிடைப்பது கஷ்டம். ஐப்பசி கார்த்திகையில் மரம் ஊதிச் சுருள் மாட்டிக்கொள்வது வேறு. சுருள் ஓடும் பள்ளத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் ஓரளவு ஓடும். கடையில் சுருளை ஒரு கையால், ஒரு ஓரத்தை மட்டும் பிடித்து ஏற்றி இறக்கிப் பாருங்கள். கோணாமல் போனால் துணி நன்றாக இருக்கிறது.

## கணக்குப்பிள்ளை மேசை

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதும் சாய்வுப் பெட்டி. மூடியைத் தூக்கினால் பேரேடு, மைக்கூடு, சில்லறை வைக்கும் அறைகள். பழைய சாமான் கடைகளில் அதிகம் கிடைப்பதும், நியாயமான விலைக்குக் கிடைப்பதும் இதுதான். கையில் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்பதால் வண்டிச் செலவுகூட இல்லை.

தரையில் உட்கார முடிகிறவர்களுக்கும், தினம் கொஞ்ச நேரம் எழுதுகிறவர்களுக்கும், பிள்ளைகளுக்கும் அருமையான சாமான். முட்டி வலி உள்ளவர்கள் வாங்கினால் அது டீப்பாயாகிவிடும். மேலே பூஜாடி ஏறிவிடும், பிறகு மூடியைத் திறக்கவே மாட்டீர்கள். அவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பன்னிரண்டு பதின்மூன்று அங்குல உயரப் பெட்டியைச் சாதாரண மேசையின் மேல் வைத்தால் எழுதும் பரப்பு 42 அங்குலத்துக்கு வரும். ஐந்தரை அடி ஆளுக்கு நின்றுகொண்டு எழுத அது ஏறக்குறைய முழங்கை உயரம். நின்று எழுதும் மேசை என்று புதிதாக வாங்குவதைவிட இது மலிவு.

## கண்ணாடி வைத்த மர அலமாரி

எழுதுபலகை இல்லாத, சேமிப்புக்கு மட்டுமான சாமான். என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான்: அலமாரியைப் பழையதாக வாங்குங்கள், மேசையைத் தனியாக, எளிமையாக வாங்குங்கள்.

காரணம் மரம். 1852இல் கீழ்ப் பர்மா பிரிட்டிஷார் கைக்குப் போனபின் நகரத்தார் அங்கே வட்டித்தொழிலுக்குப் போனார்கள். ரங்கூனிலிருந்து கப்பலில் வந்த தேக்கு செட்டிநாட்டு வீடுகளின் தூணாகவும் கதவாகவும் பீரோவாகவும் ஆனது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அந்த வரத்து நின்றது. பின்னாளில் பங்காளிகள் பிரித்துக்கொள்ள முடியாமல் இடித்த வீடுகளின் சாமான்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்தன. ஒன்றரை அடி அகலத்தில் ஒரே பலகையாகத் தேக்கு இன்று புதிதாகக் கிடைப்பது அரிது. பழைய அலமாரியின் பக்கப்பலகையில் அதைப் பார்க்கலாம். அந்த மரத்துக்குத்தான் காசு. யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு இதே இடத்தில் முதிரை மர அலமாரியைச் சொல்வேன். தேக்கைவிடக் கனம், வழவழப்பு அதிகம்.

எச்சரிக்கை இரண்டு. ஒன்று, கடையில் எல்லாமே பர்மா தேக்குதான். நாட்டுத் தேக்கு, வேங்கை, பலா எல்லாவற்றுக்கும் அதே பெயர் சொல்லப்படும். கருஞ்சாயம் பூசியிருந்தால் சந்தேகப்படுங்கள்; சாயம் படாத டிராயர் அடிப்பக்கத்தில் மரத்தின் உண்மை நிறம் தெரியும். இரண்டு, புத்தகம் வைக்கப் போகிறீர்கள் என்றால் தட்டின் நீளத்தைப் பாருங்கள். ஓர் அடி நீளப் புத்தக வரிசை பத்துக் கிலோவுக்குக் குறையாது. மூன்று அடிக்கு மேல் தாங்கல் இல்லாமல் ஓடும் முக்கால் அங்குலத் தட்டு நாளடைவில் தொய்யும். துணிக்கும் பாத்திரத்துக்கும் செய்த அலமாரியில் இது சகஜம். நடுவில் ஒரு கட்டை கொடுத்தால் தீரும். கண்ணாடி அலையலையாகத் தெரிந்தால் அது பழைய கண்ணாடி. உடைந்தால் அதேபோல் மாற்று கிடைக்காது என்பதால், வண்டியில் ஏற்றும் முன் கதவைக் கழற்றிப் போர்வையில் சுற்றச் சொல்லுங்கள்.

## பழைய இரும்பு பீரோ

மரத்தைப் பற்றிப் பேசும்போது இது எதற்கு என்று தோன்றலாம். ஆனால் பத்திரத்தையும் நகையையும் வைக்கத்தான் இடம் தேடுகிறீர்கள் என்றால் நேர்மையான பதில் இதுதான். கோத்ரெஜ் தன் ஸ்டோர்வெல் பீரோவை 1923இல் கொண்டுவந்தது; நம் வீடுகளில் எத்தனையோ கல்யாணச் சீரில் வந்து நின்ற சாமான். பழைய பீரோக்களின் தகடு இன்றைய மலிவு பீரோக்களைவிடத் தடிமன், பூட்டும் உறுதி. கரையான் தகட்டைத் தின்னாது.

அடிப்பக்கத் துரு ஒன்றுதான் பெரிய குறை. சென்னை, கடலூர், நாகை வீடுகளிலிருந்து வந்ததானால் சாய்த்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம். தீயிலிருந்து பத்திரத்தைக் காப்பாற்றும் என்று நம்பவும் வேண்டாம், அதற்கான பெட்டகம் வேறு. மங்கிய பீரோவைச் சுரண்டிப் பவுடர் கோட்டிங் கொடுத்தால் அட்டகாசமாக இருக்கும்.

## பழைய மரத்தில் புதிதாகச் செய்தது

இடித்த வீட்டு உத்திரத்தையும் நிலைக்கட்டையையும் அறுத்து, பழைய பாணியில் செய்து, பழையது போலவே பாலிஷ் போட்டு விற்கிறார்கள். பழையது என்ற பெயரில் விற்றால் ஏமாற்று. புதியது என்று சொல்லி விற்றால் மிக நல்ல தேர்வு. மரம் பல பத்தாண்டு காய்ந்தது, வளையாது. உங்கள் அறை அளவுக்குச் செய்யச் சொல்லலாம், காலுக்கு இடம் விடச் சொல்லலாம், ஒயருக்கு வழியும் வைக்கலாம். லேப்டாப் வேலை செய்துகொண்டே சாய்வு மூடி மேசைக்கும் ஆசைப்படுகிறவர்கள் இந்த வழிக்கு வாருங்கள். ஆசாரி சொன்ன தேதிக்குத் தர மாட்டார் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

## ஒரே பார்வையில்

| சாமான் | நாள் முழுக்க வேலை | கொள்ளளவு | வாசல், படி | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| சாய்வு மூடி மேசை | ஆகாது | நடுத்தரம் | ஒற்றையாக இருந்தால் சிரமம் | கீல், மூடி விரிசல் |
| ரோல்-டாப் | நன்று | நடுத்தரம் | கழற்றினால் எளிது | சுருள் துணி |
| கணக்குப்பிள்ளை மேசை | ஆகாது | குறைவு | கையில் தூக்கலாம் | உங்கள் முட்டி |
| மர அலமாரி | தனி மேசை வேண்டும் | அதிகம் | கழற்றக்கூடியதா பாருங்கள் | கண்ணாடி, தூக்குகூலி |
| இரும்பு பீரோ | தனி மேசை வேண்டும் | அதிகம் | பிரிக்க முடியாது | துரு, வண்ணம் |
| பழைய மரம், புது வேலை | நன்று | சொன்னபடி | சொன்னபடி | காத்திருப்பு |

## டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள்

முன்பக்கம் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். டிராயரை முழுக்க வெளியே எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள்.

பழமையைக் கண்டுபிடிக்க இணையத்தில் சொல்லப்படும் குறிப்புகளில் ஒன்று நம் ஊரில் செல்லாது. டிராயர் மூலையில் பலகைகளைக் கோக்கும், புறாவின் வால் போல விரிந்த பற்கள் கையால் வெட்டியவை, ஒன்றுக்கொன்று சமமில்லை என்றால் அது பழையது என்பார்கள். இங்கே ஆசாரிகள் இன்றும் கையால்தான் வெட்டுகிறார்கள். ஆகவே அது எதையும் நிரூபிக்காது. இதைவிட நம்பகமானது திருகாணி. தலையில் கூட்டல் குறி போட்ட திருகாணி 1930களில்தான் சந்தைக்கு வந்தது. 1900இல் செய்தது என்று சொல்லும் மேசையில், மாற்றிய அடையாளமே இல்லாத இடத்தில் அது இருந்தால் கதை பொய். தேய்மானமும் பேசும்: டிராயரின் அடி ஓட்டம் தேய்ந்திருக்க வேண்டும், கைபடாத பின்பக்கம் தேய்ந்திருக்கக் கூடாது. டிராயர் முகப்பின் உட்புறத்தில் அடைத்த துளைகள் தெரிந்தால் கைப்பிடியை மாற்றியிருக்கிறார்கள்.

உளுத்த துளைகளைப் பார்த்ததும் ஓட வேண்டாம். பழைய துளை கறுத்திருக்கும், பூச்சி எப்போதோ போயிருக்கும். வெளிர் நிறத்தில் புதிய துளையும், கீழே மாவு போன்ற பொடியும் இருந்தால் பூச்சி உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். மருந்து ஊசி போட்டுச் சில வாரம் தனியே வைத்துக் கவனிக்காமல் வீட்டுக்குள் ஏற்றாதீர்கள். தேக்கின் வைரப்பகுதியைப் பூச்சி பெரும்பாலும் தொடாது. வெளிறிய ஓரப்பகுதியைத் தொடும். அங்கே நகத்தால் அழுத்திப் பாருங்கள்.

பாலிஷ் பற்றி ஒரு வார்த்தை. பழைய சாமானில் இருப்பது பெரும்பாலும் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. மறைவான இடத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் தொட்டால் பிசுபிசுக்கும். பிசுபிசுக்கவில்லை என்றால் சமீபத்தில் வேறு பூச்சு போட்டிருக்கிறார்கள். அரக்குப் பூச்சைத் திரும்பப் புதுப்பிப்பது எளிது. மெஷின் வைத்துத் தேய்க்கிறேன் என்று கிளம்பும் ஆளை மட்டும் தடுத்து நிறுத்துங்கள். நூறு வருஷ நிறம் ஒரு மணி நேரத்தில் போய்விடும்.

## அப்படியானால் யார் எதை வாங்குவது

கையால் எழுதும் பழக்கம் உள்ளவர், கூடத்தில்தான் இடம் உண்டு, வேலை முடிந்ததும் எல்லாம் மறைய வேண்டும் என்றால் சாய்வு மூடி மேசை. தனி அறையும் தாராள இடமும் உள்ளவருக்கு, நல்ல நிலையில் கிடைத்தால், ரோல்-டாப். வாடகை வீட்டில் இருந்து இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாறுகிறவர் கணக்குப்பிள்ளை மேசையோடு நிறுத்திக்கொள்ளலாம். வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர் மர அலமாரியும் சாதாரண மேசையும் வாங்கட்டும், அல்லது பழைய மரத்தில் செய்யச் சொல்லட்டும். முதலீடு என்று நினைத்து வாங்க வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பெரிய சாமானை விற்கப் போகும்போது தூக்குகூலியும் கடைக்காரர் லாபமும் கழிந்து கையில் வருவது மனத்துக்குப் பிடித்த தொகையாக இருக்காது. தினம் பயன்படுத்துவதாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

## வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்புவதானால்

தாத்தாவின் மேசையை டொராண்டோவுக்கோ சிட்னிக்கோ அனுப்ப நினைப்பவர்கள் முதலில் சட்டத்தைப் பார்க்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைச்செல்வங்கள் சட்டப்படி, நூறு வருஷத்துக்குக் குறையாத கலை, கைவினைப் பொருள்கள் தொல்பொருள் வகையில் வரும். அவற்றைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. அதைவிடப் புதியது ஆனால் பழையது போலத் தெரிகிறது என்றால், தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கிக்கொள்வது பாதுகாப்பு. தோதகத்தி, அதாவது ரோஸ்வுட், சாமானுக்கு இன்னொரு தடை உண்டு: அந்த மர இனம் 2017 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது, தனி அனுமதி வேண்டும். தந்தம் பதித்த விசாகப்பட்டினத்துப் பெட்டி, மேசை எதையாவது யாராவது விலைக்குக் காட்டினால் தொடவே வேண்டாம். தந்த வணிகம் இந்தியாவுக்குள்ளேயே குற்றம்.

ஆஸ்திரேலியாவுக்கு மரச்சாமான் போகும்போது உளுத் துளையைப் பார்த்தாலே அங்கே நிறுத்தி மருந்தடிக்கச் சொல்வார்கள், செலவு உங்கள் தலையில். அதனால் கப்பல் ஏற்றும் முன் இங்கேயே புகைமருந்து அடித்து, அதற்கான சான்றிதழைச் சாமானோடு அனுப்புங்கள்.